அரை விளக்கும் ஒரு தவலை வெந்நீரும்

ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குப் பொறுக்காது. கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய் அணைத்துவிட்டு வருவேன். வீட்டில் எல்லோரும் என்னைக் கருமி என்று கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் வெந்நீர் விஷயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் போட்டுக் கொடுப்பேன். வேண்டாம் என்பவர்களையும் விடமாட்டேன், ஒரு சொம்பாவது ஊற்றிக்கொண்டு போ என்று பிடித்து நிறுத்துவேன். விளக்கில் இத்தனை கறாராக இருப்பவள் வெந்நீரில் மட்டும் ஏன் இப்படித் தாராளம் என்று என் மாட்டுப்பெண் ஒருநாள் கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்குச் சமையல் ஆகியிருக்காது.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், நான்கு குடித்தனங்கள் இருந்த வீட்டில், ஒரு போர்ஷனில் இருந்தோம். முப்பதுகளின் தொடக்கம். போர்ஷன் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான். அந்தக் கூடமும் முழுக் கூடம் இல்லை. ஒன்றாக இருந்ததை நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பி வீட்டுக்காரர் இரண்டாக்கி, இரண்டு வாடகை வாங்கிக்கொண்டிருந்தார். கிணறு, வெந்நீர் அடுப்பு, துணிக்கொடி எல்லாம் பின்புறத்து முற்றத்தில் பொது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் அப்பளம் நொறுக்கினால் இந்தப் பக்கம் எங்களுக்குப் பசிக்கும்.

அந்தப் பக்கத்தில் இருந்தது மூன்றே பேர். மாமா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சட்டை கிழிந்தாலும் அங்கவஸ்திரம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பவர். மாமிக்கு வாதம். விரல்கள் எல்லாம் உள்ளுக்கு மடங்கிக் கிடக்கும், காலையில் எழுந்ததும் அவற்றை விரிக்கவே முடியாது. காலையிலும் மாலையிலும் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அப்படி ஊற்றிக்கொண்டால் மாமி சாதாரண மனுஷி. தன் தலையைத் தானே பின்னிக்கொள்வாள், அரிசி களைவாள், கோலம்கூடப் போடுவாள். ஒருநாள் தவறினால் மறுநாள் புடவைக் கொசுவத்தைச் செருகக்கூட இன்னொருத்தர் வேண்டும்.

அந்த இன்னொருத்தர் அவர்களுடைய ஒரே பெண். என் வயதுதான். என்னைவிட ஒரு பிடி உயரம் குறைவு, என்னைவிடப் பத்து மடங்கு மூளை. நான் ஓயாமல் பேசுவேன், அவள் கேட்டுக்கொண்டே ஏதாவது செய்துகொண்டிருப்பாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு எலெக்ட்ரிக் விளக்கு இழுத்தது அந்தச் சமயத்தில்தான். பல்புக்கு இவ்வளவு என்று மாதம் பிறந்தால் வாடகையோடு கொடுத்துவிட வேண்டும். எத்தனை நேரம் எரிந்தது என்ற பேச்சு கிடையாது. முன் போர்ஷன்காரர்கள் உடனே போட்டுக்கொண்டார்கள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கட்டுப்படியாகாது என்றார். மாமா அதற்கு முன்பே அதையே சொல்லிவிட்டிருந்தார். மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு இரண்டு குடும்பமும் முன் போர்ஷனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம்.

ஒருநாள் அவள் எங்கள் வீட்டுக்கு உப்பு வாங்க வந்தவள், அந்த நடுச்சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாமா, இந்தச் சுவர்ல மேலே ரெண்டு கல்லை எடுத்துட்டு, அந்த ஓட்டைக்குள்ள ஒரு பல்பை மாட்டினா ரெண்டு பக்கமும் வெளிச்சம் விழாதோ?" என்று என் அப்பாவிடம் கேட்டாள். "ஆளுக்குப் பாதி கொடுத்தாப் போறுமே."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அன்று முழுக்க, "எனக்குத் தோணலையே, எனக்குத் தோணலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் முதலில் முறைத்தார். ஒன்றுமே இல்லாததற்கு ஒரு பல்பாவது ஆகட்டும் என்று அப்புறம் சம்மதித்தார். கொத்தனார் வந்து தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இரண்டு செங்கலை உருவினார். ஓட்டைக்கு நடுவில் பல்பு தொங்கியது. ஸ்விட்ச் எங்கள் பக்கம். விளக்குப் போட வேண்டுமென்றால் அவர்கள் சுவரைத் தட்டுவார்கள், நாங்கள் போடுவோம். வேலை முடிந்தாலும் தட்டுவார்கள். அந்தச் சந்திலேயே எங்களுக்கு அரை விளக்கு வீடு என்று பெயராகிவிட்டது. அப்பாவுக்கு அந்தப் பெயரில் ஏகப் பெருமை. வந்தவர்களை எல்லாம் சுவரைப் பார்க்க வைத்துத்தான் காபி கொடுப்பார்.

வெந்நீரிலும் அவள் இப்படித்தான். விறகுத் தொட்டியில் சவுக்குக் கட்டை வாங்கி எரித்துக் கட்டுப்படியாகாது என்று கண்டுகொண்டாள். மரம் அறுக்கிற இடத்திலிருந்து மரத்தூளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்தாள். அறுக்கிறவர், "இன்னாம்மா இது, இந்தக் குப்பைய எடுத்துக்கினு போய் இன்னா பண்ணப் போறே?" என்று சிரித்தாராம். ஒரு பழைய தகர டின்னில் கீழே ஓட்டை போட்டு, நடுவில் ஒரு கழியை நட்டு, சுற்றிலும் தூளை உலக்கையால் கெட்டியாக இடித்து அடைப்பாள். கழியை மெல்ல உருவிவிட்டு அடியில் பற்ற வைத்தால் போதும். ஊதவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம், அது பாட்டுக்கு நின்று எரியும். ஒரு தவலை காய்ந்து, எங்கள் வீட்டுத் தவலையும் அதிலேயே காயும்.

அதோடு விட்டாளா? தேயிலை வருகிற மரப்பெட்டி ஒன்றை எங்கேயோ சம்பாதித்து, அதற்குள் வைக்கோலை அடைத்து, நடுவில் கூடு மாதிரி இடம் பண்ணினாள். காலையில் காய்ந்த வெந்நீரில் ஒரு தவலையை மூடியோடு அதில் இறக்கி, மேலே வைக்கோல் போட்டு, பழைய மெத்தைத் துண்டால் மூடிவிடுவாள். சாயங்காலம் திறந்தால் சுடும். மாமிக்கு மாலை வேளைக்கு மறுபடி அடுப்பு மூட்ட வேண்டாம்.

"உனக்கு எதுக்குடி இத்தனை பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுல மிச்சம் பிடிச்சாலும் அது அம்மாவோட தவலைக்குப் போறது," என்றாள். "அந்தத் தவலையில மட்டும் நான் மிச்சம் பிடிக்க மாட்டேன்."

மாமி அதற்கு மேல். தான் ஊற்றிக்கொள்வதற்கு முன் முதல் சொம்பு வெந்நீரைப் பெண்ணின் தோளில் ஊற்றினால்தான் ஆச்சு. "உனக்கு இல்லாத வெந்நீர் எனக்கு எதுக்குடி?" என்பாள். "எனக்கு என்ன வாதமா, வேண்டாம்மா" என்று இவள் ஓடுவாள். மடங்கின விரலால் சொம்பைப் பிடித்துக்கொண்டு மாமி கிணற்றைச் சுற்றித் துரத்துவாள். தினமும் காலையில் முற்றத்தில் இந்தக் கூத்து நடக்கும். கடைசியில் இவள் நின்று ஒரு சொம்பை வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் மாமி மணையில் உட்காருவாள். வெந்நீர் தயாரானதும் எங்களுக்குச் சுவரில் ஒரு தட்டு விழும். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விடியும்.

இப்படி இருக்கும்போது எனக்கு ஒரு வரன் வந்தது. மாம்பலத்தில், ஏரியைத் தூர்த்து மனை போட்டார்களே, அங்கே புதிதாக வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். பையனின் அப்பா வெளியூர்களில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, அவருடைய விதவை அக்கா ஒருத்தி கூட இருந்தாள். பையனுக்கும் நல்ல வேலை. அவனை ஒருமுறை கோயிலில் காட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்? மிகவும் பிடித்திருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள்தான். எங்கள் இரண்டு வீட்டு வெந்நீரிலும் முக்கால்வாசியை என் தலையிலேயே ஊற்றித் தீர்த்தாள். சாம்பிராணி போட்டாள். பின்னினாள். சாயங்காலம் அவர்கள் வண்டி வந்து நின்றதும், "பாடச் சொன்னா மெதுவா ஆரம்பி, பறக்காதே" என்று காதில் சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக்கு ஓடிவிட்டாள்.

நான் நமஸ்காரம் பண்ணிவிட்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். பையனின் அத்தை என் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பையன் ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான், லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பெரியவர் மட்டும் என்னைப் பார்க்கவே இல்லை. வாயில் போட்ட பஜ்ஜியை மெல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதென்ன ஓய், பல்பு சுவருக்குள்ள இருக்கு?" என்றார்.

அப்பாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். ஒரு பல்பில் இரண்டு குடித்தனம் நடப்பதையும், பாதிப் பாதி கொடுப்பதையும், தட்டினால் போடுவதையும் அணைப்பதையும் விலாவாரியாகச் சொன்னார்.

"பேஷ்! பேஷ்! யார் யோசனை இது?"

என் அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்கு ஒருநாளாவது தெரிந்திருக்கலாம். "பக்கத்தாத்துப் பொண்ணு சொன்னது," என்றார். "சின்னப் பொண்ணு. என்ன மூளைங்கறேள்! எனக்கே தோணலை."

சமையலறை வாசலில் நின்ற அம்மா டம்ளரை ணங்கென்று கீழே வைத்தாள். "என்ன, பாத்திரம் விழுந்துடுத்தா?" என்று அப்பா உள்ளே பார்த்துக் கேட்டுவிட்டு, "இது என்ன பிரமாதம், வாங்கோ, இன்னொண்ணு காட்டறேன்" என்று பெரியவரை முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

வைக்கோல் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "காலம்பற காய்ச்சினதா? இத்தனை நேரம் சுடறதா?" என்று பெரியவர் கேட்டதும், மரத்தூள் எங்கே கிடைக்கிறது என்று விசாரித்ததும் கேட்டது. நான் தலையைக் குனிந்தபடி ஜமக்காளத்தின் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வர அத்தனை நேரமாயிற்று. வந்தவர், "நாழியாச்சு, கிளம்பலாம்" என்றார். என்னை யாரும் பாடச் சொல்லவே இல்லை.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். எங்கள் வாசலில் செருப்பை விட்டவர், தயங்கிவிட்டு, பக்கத்து வாசலுக்குப் போனார். அவர்களுக்கு அந்தப் பெண்ணின் ஜாதகம் வேண்டுமாம். சீர் செனத்தி ஒன்றும் வேண்டாமாம். குடித்தனம் நடத்தத் தெரிந்த பெண்தான் வேண்டுமாம்.

எங்கள் பக்கத்தில் அன்று சாதம் யாருக்கும் இறங்கவில்லை. "உள்ளதைத்தானே சொன்னேன்," என்றார் அப்பா.

"உள்ளதை அவா போனப்புறம் சுவர்கிட்டே சொல்லியிருக்கப்படாதா?" என்று அம்மா அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அந்தப் பல்பின் மேல் கோபப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சுவரில் தட்டு விழுந்தது. போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவள் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. புகையால் என்று சொல்ல முடியாது, அந்த அடுப்பில் புகையே வராது.

"நீ சொல்லு. மாட்டேன்னு சொல்லிடறேன்," என்றாள். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். எனக்கு அவாளைத் தெரியக்கூடத் தெரியாது. உனக்கு வந்தது அது."

நான் குனிந்து அடுப்பைப் பார்த்தேன்.

"அந்தாத்துல செப்புப் பாய்லர் இருக்காம்டி," என்று அவளே மெதுவாகச் சொன்னாள். "குழாய் வெச்சது. திறந்தா வெந்நீர் கொட்டுமாம். அம்மாவைப் பத்தி அப்பா சொன்னாராம். அதுக்கென்ன, வெள்ளிக்கு வெள்ளி வந்து வேணுங்கற மட்டும் ஊத்திண்டு போகட்டுமேன்னு பெரியவர் சொன்னாராம்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பையன் வேண்டியிருந்தது. அவளுக்கு அந்தப் பாய்லர் வேண்டியிருந்தது. என் ஆசையைவிட அவள் ஆசை பெரியது என்று அந்தப் புத்தி கெட்ட வயதிலும் எனக்குத் தெரிந்தது.

"போடி அசடே, பண்ணிக்கோ," என்றேன். "நான் வந்தா எனக்கும் ஒரு சொம்பு ஊத்து."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அன்று தவலை கொதித்துப் பொங்கியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

கல்யாணம் ஆயிற்று. அம்மா போகவில்லை, நானும் அப்பாவும் போனோம். அவள் புக்ககம் போன மறுநாளிலிருந்து மரத்தூள் அடுப்பு என் பொறுப்பு. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். முதலில் எல்லாம் கழியை உருவினால் தூள் முழுக்கச் சரிந்து விழும். அவள் எப்படி இடித்தாள் என்று நினைத்து நினைத்து இடித்துப் பழகினேன். காய்ந்ததும் சுவரைத் தட்டுவேன். மாமி வருவாள். சொம்பை முகந்து கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பாள்.

"இந்நேரம் அவ அங்கே குழாயைத் திறந்திருப்பா," என்பாள். அதைச் சொன்ன பிறகுதான் ஊற்றிக்கொள்வாள். துரத்த ஆள் இல்லை, ஆனால் முதல் சொம்பு இன்னும் அவளுக்குத்தான்.

வெள்ளிக்கு வெள்ளி என்றார்களே தவிர, அழைப்பு வரவில்லை. ஆடி போகட்டும் என்றார்கள். பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். பிள்ளை வேலையாக இருக்கிறான் என்றார்கள். மாமி ஒவ்வொரு காரணத்தையும் நம்பினாள். பெண்ணின் புக்ககத்துக்குத் தானாகப் போய் நிற்பது மரியாதை இல்லை என்று மாமா சொல்லிவிட்டார். பெண் வந்து போன ஓரிரண்டு தடவையும் கூடவே புக்ககத்து அத்தையும் வந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று பேச முடிந்ததே இல்லை.

நவராத்திரிக்குத்தான் வெற்றிலை பாக்குக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. மாமி என்னையும் கூட்டிக்கொண்டாள். மாற்றுப் புடவை ஒன்றைச் சுருட்டிப் பையில் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "வெந்நீர் போட்டுக்கச் சொன்னா, ஈரப் புடவையோடவா வர முடியும்?" என்றாள்.

ஜட்கா வண்டியில் போனோம். அப்போது மாம்பலம் பக்கம் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். மற்ற வீடுகளில் கொலுவுக்காக வாசல் விளக்கு எரிந்தது. சொன்ன அடையாளத்தில் வண்டியை நிறுத்திய ஜட்காக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வூடா அம்மா? ஆளே இல்லாத மாதிரி கீதே. வெளக்கு ஒண்ணையும் காணோம்," என்றார்.

உள்ளே போனோம். பெரிய வீடு, மாடி வேறு. மேலே அழகான கண்ணாடிக் கூண்டுகளுக்குள் பல்புகள் இருந்தன. ஒன்றும் எரியவில்லை. கூடத்துக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் இருந்த புத்தம்புதுச் சுவரில் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். அந்த ஓட்டைக்குள் ஒரு பல்பு தொங்கியது. அந்த வெளிச்சத்தில் பாதிதான் கொலுவுக்கு. கீழ்ப் படிப் பொம்மைகள் இருட்டில் இருந்தன.

"பார்த்தேளா மாமி, எல்லாம் உங்காத்துப் பொண்ணு யோசனைதான்," என்றார் பெரியவர். என் அப்பா எங்கள் சுவரைக் காட்டும்போது இருந்த அதே பெருமை அவர் முகத்திலும் இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

அவள் உள்ளேயிருந்து குங்குமத் தட்டோடு வந்தாள். இளைத்திருந்தாள். மாமி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கால் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று பின்புறத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பாய்லர் அங்கேதான் நின்றது. மாமியின் மார்பளவு உயரம், குழாய் வைத்தது, சொன்னது பொய்யில்லை. புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அடியில் நெருப்புப் போடுகிற இடமும் பளபளவென்று இருந்தது. கரியின் சுவடே இல்லை. மாமி மடங்கின கையை அதன்மேல் வைத்தாள். எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்த பெரியவர், "அது பார்வைக்கு, மாமி. நெருப்புப் போட்டா செம்பு கறுத்துடும்," என்றார். "இவ வந்ததுலேர்ந்து எங்காத்துல வெந்நீருக்கு விறகுச் செலவே கிடையாது. எல்லாரும் பச்சைத் தண்ணியில பழகிண்டாச்சு. நான் ஒருத்தன் கிழவன், எனக்கு ரெண்டு சொம்பு அந்த வைக்கோல் பெட்டியில இருக்கும். கெட்டிக்காரப் பொண்ணு!"

அவரை யாரோ வாசலில் கூப்பிட்டார்கள், போனார். அவர் பின்னால் வந்து நின்றிருந்த அவள், அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அங்கே நான் மிச்சம் பிடிச்சா அம்மாவுக்குப் போச்சு," என்றாள். "இங்கே எங்கே போறதுன்னே தெரியலைடி."

அவளால் சண்டை போட முடியாது. பிறத்தியாருக்காக மிச்சம் பிடிக்கத் தெரியும், தனக்காக ஒரு சொம்பு கேட்கத் தெரியாது. கிணற்றைச் சுற்றி ஓடினவள்தானே? துரத்திப் பிடித்து ஊற்ற ஒருத்தி இருந்ததால்தான் அவளுக்கு அந்த ஒரு சொம்பாவது கிடைத்தது. அந்த வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டும். இதை நான் அந்தப் பையனுக்காகச் சொல்லவில்லை. அவன் முகம்கூட எனக்கு இப்போது நினைவில் இல்லை. நான் போயிருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே அந்தப் பாய்லரில் முழுச் சவுக்குக் கட்டையாகச் செருகி, கறுக்கக் கறுக்க எரித்திருப்பேன். கிழவர் கத்தினால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு வாய் இருந்தது, அவளுக்கு மூளை இருந்தது. என் அப்பா சொன்ன ஒரு உண்மையால் வாய் வேண்டிய இடத்துக்கு மூளை போயிற்று. எனக்கு அப்புறம் கோபாலபுரத்தில் நல்ல இடமாகவே அமைந்தது, எந்தக் குறையும் இல்லை. இருந்தும் இந்த ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மாமி பாய்லரிலிருந்து கையை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இப்போ வலியே இல்லைடி," என்றாள் பெண்ணிடம். "விரல் எல்லாம் நன்னா விரியறது. பாரு." விரித்துக் காட்ட முயன்றாள். விரியவில்லை. பெண் அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு திரும்பினோம். மாற்றுப் புடவை மடிப்புக் கலையாமல் பையில் இருந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல் தூளை இடித்து அடைத்தேன். அன்றைக்கு அது சரியவே இல்லை, அவள் கையால் அடைத்த மாதிரி நின்றது. தவலை நன்றாகக் காய்ந்தது. சுவரைத் தட்டினேன். மாமி வரவில்லை. மறுபடியும் தட்டினேன்.

மாமி வந்தாள். வெந்நீரைப் பார்த்தாள். சொம்பை எடுத்தாள். நேராகக் கிணற்றடித் தொட்டிக்குப் போய், பச்சைத் தண்ணீரை மொண்டு தோளில் ஊற்றிக்கொண்டாள். உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது.

"மாமி! என்ன பண்றேள்? இதோ வெந்நீர் இருக்கே!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அவளுக்கு இல்லாத வெந்நீர் எனக்கு எதுக்குடி?" என்றாள்.

நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். சொம்பை எடுத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றித் துரத்தக்கூடச் செய்தேன். மாமி ஓடவில்லை. நின்ற இடத்திலேயே இன்னொரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, புடவையைப் பிழிய முடியாமல், நீர் சொட்டச் சொட்ட உள்ளே போனாள். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. தவலையை மூடி வைக்கோல் பெட்டியில் இறக்கி, மேலே மெத்தைத் துண்டைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போனேன். மெத்தைத் துண்டு நான் போட்டபடியே கிடந்தது. திறந்து பார்த்தேன். வெந்நீர் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.